தை பிறந்ததும் வேலியைப் பாருங்கள்

ஐப்பசி, கார்த்திகை மழையும் மார்கழிப் பனியும் ஓய்ந்ததும் வீட்டுத் தோட்டத்து வேலியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட வேண்டும். சம்பா அறுவடை முடிந்தால் ஆடு மாடுகளை வயல்களில் மேய அவிழ்த்து விடுவார்கள். அப்போது பச்சையாக நிற்பது தோட்டத்துக் கத்தரியும் வெண்டையும் தென்னங்கன்றும்தான். ஓர் ஆடு நுழையச் சந்து இருந்தால் போதும். பல நாள் பாடு ஒரே இரவில் போய்விடும்.

கம்பத்தின் அடி

மரக் கம்பம் முதலில் கெடுவது தரைமட்டத்தில்தான். ஈரமும் காற்றும் சேர்ந்து படுவதால் அந்த இடம் உளுத்துப் போகிறது. கறையானும் அங்கேதான் ஏறுகிறது. மேலே பார்த்தால் கம்பம் நன்றாகவே தெரியும். அடியில் நாலு விரற்கடை மண்ணைப் பறித்து, அரிவாள் நுனியால் குத்திப் பார்க்க வேண்டும். நுனி எளிதில் இறங்கினால் கம்பத்தை மாற்றிவிடுவதே நல்லது.

புதுக் கம்பத்தின் அடிப்பகுதியை நெருப்பில் கருக்கி, ஆறியபின் தார் பூச வேண்டும். தரைக்கு மேல் அரை அடி வரை தார் இருக்கட்டும். இரண்டு அடி ஆழத்தில் நட்டு, மண்ணைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கெட்டிக்க வேண்டும். அடியில் மண்ணை மேடாக அணைத்தால் தண்ணீர் தேங்காது.

முள்கம்பி

கம்பி தொய்ந்திருந்தால் முதலில் மூலைக் கம்பத்தைப் பார்க்க வேண்டும். இழுவை முழுவதையும் தாங்குவது அதுதான். சாய்ந்திருந்தால் கம்பியைத் தளர்த்தி, கம்பத்தை நிமிர்த்தி, கம்பி இழுக்கும் பக்கத்தில் முட்டுக்கால் கொடுத்த பிறகே மீண்டும் இறுக்க வேண்டும்.

உயிர்வேலி

சந்து விழுந்த இடத்தில், மண்ணின் ஈரம் காய்வதற்குள் கிளுவைப் போத்துகளை நெருக்கமாக நடலாம். அவை வேர்பிடிக்கும் வரை முள் அடைத்துத் தண்ணீர் ஊற்றி வர வேண்டும். சீமைக் கருவேல முள்ளை அடைத்தால் நெற்று இல்லாத கிளையாகப் பார்த்து வைக்க வேண்டும். இல்லையேல் விதை உதிர்ந்து தோட்டத்திலேயே முளைத்துவிடும்.

மழைநீர் அரித்த பள்ளத்தை மண்ணால் மூடினால் அடுத்த மழை அதையும் கொண்டுபோகும். நீர் கசிந்து போகும்படி கற்களை அடுக்குவதே சரி.

மின்சாரம் வேண்டாம்

பன்றிக்குப் பயந்து வீட்டு மின்சாரத்தை வேலியில் விடுவது சட்டப்படி குற்றம். இருட்டில் அந்தக் கம்பியைத் தொடுவது பக்கத்துத் தோட்டக்காரராக இருக்கலாம். வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

ஓய்வான ஒரு நாளில் இந்த வேலையை முடித்துவிட்டால், மாசியில் மந்தை வரும்போது கவலையின்றி இருக்கலாம்.