பழைய காரில் குரூஸ் கன்ட்ரோல்: பிடிப்பது சுலபம், விடுவதுதான் வேலை

கியர் வண்டிக்கு அதெல்லாம் சரிப்படாது, ஆட்டோமேட்டிக்குக்குத்தான் என்பார் ஒரு மெக்கானிக். நாலு ஒயர், ஒரு சின்ன மோட்டார், அரை நாள் வேலை என்பார் அடுத்த கடைக்காரர். பத்துப் பதினைந்து வருடம் ஓடிய மேனுவல் காருக்குக் குரூஸ் கன்ட்ரோல் போட நினைப்பவருக்கு இந்த இரண்டில் ஒரு பதில் கிடைத்துவிடும். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. முதலாமவர் சொல்லும் தடை நிஜம். ஆனால் அதைத் தாண்ட வழி உண்டு. இரண்டாமவரின் அரை நாள் கணக்கும் நிஜம். ஆனால் அந்த அரை நாளில் முடிவது வேகத்தைப் பிடித்து வைக்கும் பாதி மட்டும். பிடித்த வேகத்தைக் கருவி எப்போது, எத்தனை வழிகளில் கைவிடும் என்பது மறுபாதி. கியர் வண்டியில் பணமும் கவனமும் போக வேண்டிய இடம் அதுதான்.

வேகத்தைச் சீராக வைப்பது பழைய வித்தை. நீராவி எஞ்சினில் ஜேம்ஸ் வாட் 1788-இல் பொருத்திய கவர்னர் அதைத்தான் செய்தது. வேகம் கூடினால் சுழலும் இரண்டு குண்டுகள் விரிந்து நீராவி வால்வை மூடும். குறைந்தால் ஒடுங்கி வால்வைத் திறக்கும். காருக்கு இதைக் கொண்டுவந்தவர் அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் டீட்டர். ஐந்து வயதில் பார்வையை இழந்தவர். பேச்சு வந்தால் வேகத்தைக் குறைத்தும், கேட்கும்போது கூட்டியும் வண்டியை ஓட்டிய தன் வழக்கறிஞரோடு பயணம் செய்து சலித்துப்போய் இந்தக் கருவியை யோசித்தார் என்று சொல்வார்கள். காப்புரிமை 1950-இல் வந்தது. கிரைஸ்லர் நிறுவனம் 1958-இல் காரில் வைத்து விற்றது. டீட்டரின் முதல் வடிவம் வேகத்தைப் பூட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குறித்த வேகம் வந்ததும் ஆக்சிலரேட்டர் பெடல் காலை எதிர்த்துத் தள்ளும், அவ்வளவுதான். காலை எடுத்துவிட்டாலும் வண்டி அதே வேகத்தில் ஓடும்படி பூட்டும் வசதி பிறகு சேர்ந்தது. அந்தப் பூட்டோடுதான் திறப்பு பற்றிய கவலையும் வந்தது.

கேபிள் இழுத்து த்ராட்டில் திறக்கும் பழைய காரில் இந்தக் கருவி எப்படி உட்காருகிறது என்று பார்ப்போம். கியர்பாக்ஸிலிருந்தோ, சக்கரத்துக்குச் சுழற்சி கொண்டுபோகும் ஷாஃப்டில் ஒட்டிய காந்தத்திலிருந்தோ வேகக் கணக்கு ஒரு சின்னப் பெட்டிக்குப் போகும். குறித்த வேகத்துக்கும் நடப்பு வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துப் பெட்டி ஒரு சர்வோவை இயக்கும். சர்வோ த்ராட்டிலை இழுக்கும். பழைய சர்வோக்கள் எஞ்சினின் வாக்யூமில் வேலை செய்தவை. மேட்டில் ஏறும்போது த்ராட்டில் அகலத் திறக்கும், திறந்தால் வாக்யூம் குறையும். அதாவது இழுவை அதிகம் வேண்டிய இடத்தில்தான் கருவியின் கை தளரும். அதைச் சமாளிக்கத் தனியாக ஒரு வாக்யூம் டப்பா வைப்பார்கள். மின்மோட்டார் சர்வோவில் இந்தத் தொல்லை இல்லை. சர்வோவுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே பல கிட்டுகளில் வருவது, வாஷ்பேசின் மூடியில் தொங்குமே, அந்த மாதிரி மணிச் சங்கிலி. இழுக்க மட்டும் தெரிந்த சங்கிலி; தள்ளத் தெரியாது. கால் பெடலை மிதிக்கும்போது அது தொய்ந்து வழிவிட வேண்டும். தொய்வு அதிகமானால் கருவி தாமதமாகப் பிடிக்கும். தொய்வே இல்லாவிட்டால் த்ராட்டில் முழுதாக மூடாது. கருவி அணைந்திருக்கும்போதும் எஞ்சின் லேசாக ரேஸ் ஆகிக்கொண்டே நிற்கும். சங்கிலி ஏதாவது பிராக்கெட்டில் மாட்டிக்கொண்டால் பிரேக்கை மிதித்தும் பயனில்லை. கருவி விட்டிருக்கும், த்ராட்டில் விட்டிருக்காது. ஆகவே கிட் வாங்கும் முன்பே பழைய வண்டியில் பார்க்க வேண்டியது த்ராட்டிலின் ரிட்டர்ன் ஸ்பிரிங். கையால் திறந்துவிட்டால் ‘டக்’ என்று மூட வேண்டும். சாவகாசமாக மூடுகிற வண்டிக்கு முதலில் வேண்டியது சர்வீஸ்.

இனி கிளட்ச். ஆட்டோமேட்டிக் காரை ‘டி’யில் போட்டு ஓட்டும்போது சுமையிலிருந்து எஞ்சினை ஓட்டுநர் பிரிப்பதில்லை. பிரேக்கைத் தொட்டால் கருவி விட வேண்டும் என்ற ஒரே நிபந்தனை அங்கே பெருமளவு போதும். கியர் வண்டியில் கிளட்சை மிதித்த நொடியில் எஞ்சின் தனியாள் ஆகிவிடுகிறது. சக்கரம் மெல்ல வேகம் இழக்கும். வேகம் குறைகிறதே என்று கருவி த்ராட்டிலைத் திறக்கும். சுமை இல்லாத எஞ்சின் அலறிக்கொண்டு ஏறும். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ ஓர் எல்லையில் எரிபொருளை வெட்டிவிடும். கார்புரேட்டர் வண்டியில் அப்படித் தடுக்க ஆளில்லை. இதற்குத்தான் கிளட்ச் பெடலில் ஒரு சுவிட்ச். பெடல் கொஞ்சம் அசைந்தாலே, கிளட்ச் முழுதாகப் பிரியும் முன்பே, அது கருவியை அணைக்க வேண்டும். பழைய அடிப்படை மாடல் கார்களில் இந்த சுவிட்ச் பெரும்பாலும் இருக்காது. தனியாக வாங்கி, பிராக்கெட் செய்து மாட்ட வேண்டும். அரை நாள் வேலைக்காரர் தவிர்க்க நினைப்பது இதைத்தான். பிரேக்கில் சுவிட்ச் இருக்கிறதே, முதலில் பிரேக்கைத் தொட்டுவிட்டுக் கிளட்சை மிதியுங்கள் என்பார். பல வருடம் பழகிய இடது கால் அந்த யோசனையைக் கேட்காது.

கிளட்ச் சுவிட்சும் முழுப் பாதுகாப்பு இல்லை. தேய்ந்த கியர்பாக்ஸில் கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வருவதுண்டு. கிளட்ச் பிளேட் தேய்ந்த வண்டியில் எஞ்சின் ஏறும், வேகம் ஏறாது. இரண்டிலும் கிளட்ச் பெடலை யாரும் தொடவில்லை. சுவிட்சுக்கு எதுவும் தெரியாது. கருவி எஞ்சினின் சுற்றையும் ஒரு கண் பார்த்துக்கொண்டிருந்து, வேகம் கூடாமல் சுற்று மட்டும் திடீரென எகிறினால் விட்டுவிட வேண்டும். நல்ல கிட்டுகளில் அதற்கென்று ஓர் ஒயர் இருக்கும். புது வண்டியில் இது கூடுதல் எச்சரிக்கை. பழைய வண்டியில் அவசியம்.

பிரேக் பக்கம் ஒரு நுணுக்கம் உண்டு. பல கிட்டுகள் பிரேக் லைட் பல்பின் இழை வழியாகத்தான் எர்த் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும். பிரேக் மிதிபடாதபோது பல்பு வழியாக எர்த் தெரியும், கருவி பிடிக்கும். மிதித்தால் அதே ஒயரில் 12 வோல்ட் வரும், கருவி விடும். பல்புகள் எல்லாமே எரிந்துபோனாலோ ஒயர் அறுந்தாலோ எர்த் தெரியாது. கருவி பிடிக்கவே பிடிக்காது. கிளட்ச் சுவிட்சையும் இதே ஒயரின் நடுவில் போட்டால் அது திறந்தவுடன் பாதை அறுபடும். கெட்டுப்போனால் அணைந்துவிடுவது என்ற இந்தக் கொள்கை அருமையானது. ஆனால் அழகுக்காகப் பிரேக் லைட்டை எல்இடி ஆக்கிய காரில் இந்தக் கிட் மௌனமாக இருந்துவிடும், ஏனென்றால் எல்இடி வழியாகப் பழைய பல்பைப்போல எர்த் தெரியாது. ரிலே ஒன்று போட்டுத் தீர்க்கலாம். சிலர் அந்த ஒயரையே நேராக வண்டியின் சட்டகத்தில் எர்த் செய்துவிடுகிறார்கள். கருவி வேலை செய்யும். பிரேக்கை மிதித்தால் விடாது.

விடுவிக்கும் சுவிட்சே வினையானதற்கும் வரலாறு உண்டு. ஃபோர்டு நிறுவனம் பிரேக் அழுத்தத்தை உணர்ந்து குரூஸ் கன்ட்ரோலை அணைக்கும் ஓர் உபரி சுவிட்சை மாஸ்டர் சிலிண்டரில் வைத்திருந்தது. உள்ளே இருந்த மெல்லிய சவ்வு காலப்போக்கில் விட்டுப்போய், பிரேக் ஆயில் மின்பக்கம் கசிந்தது. சாவியை எடுத்த பிறகும் அந்த சுவிட்சுக்கு மின்சாரம் போய்க்கொண்டிருந்ததால் நிறுத்தி வைத்த வண்டிகள் தீப்பிடித்தன. 1999 தொடங்கிப் பத்தாண்டுகளில் பல தவணையாக ஒரு கோடிக்கும் மேற்பட்ட வாகனங்களை ஃபோர்டு திரும்ப அழைத்தது. பெரிய நிறுவனத்துக்கே இந்த கதி என்றால் தெருமுனைக் கடையை எப்படி நம்புவது என்ற கேள்வி நியாயமானதே. பதிலும் அந்தச் சம்பவத்திலேயே இருக்கிறது: கிட்டுக்கான மின்சாரத்தைச் சாவி போட்டால் மட்டும் உயிர்பெறும் லைனிலிருந்து, தனி ஃப்யூஸோடு எடுக்க வேண்டும். பேட்டரியிலிருந்து நேராக இழுப்பவரிடம் வண்டியை விடக் கூடாது.

ஆக்சிலரேட்டர் கேபிளே இல்லாத, மின்னணு த்ராட்டில் கொண்ட காரில் நிலைமை வேறு. அங்கே த்ராட்டிலைத் திறப்பது ஈசியூ. கால் சொல்வது ஒரு வேண்டுகோள் மட்டுமே. குரூஸ் கன்ட்ரோலுக்கு வேண்டிய மோட்டாரும் வேக சென்சாரும் ஏற்கெனவே உள்ளன. பல தயாரிப்பாளர்கள் உயர்ந்த மாடலுக்கு எழுதிய மென்பொருளையே கீழ் மாடலின் ஈசியூவிலும் தூங்கவைத்திருப்பார்கள். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் பழைய ஈசியூக்கள் பலவற்றில் கண்டறியும் கருவியை மாட்டி 11463 என்ற எண்ணை இட்டால் குரூஸ் கன்ட்ரோல் விழித்துக்கொள்ளும். 16167 இட்டால் மறுபடி தூங்கும். ஸ்டீயரிங் பக்கத்தில் நீளும், பொத்தான் உள்ள தண்டும் அதற்கான ஒயரும் மாட்டினால் வேலை முடிந்தது. கிளட்ச், பிரேக் சுவிட்சுகளை ஈசியூவே கவனிக்கிறது. அவற்றில் ஒன்று பழுதென்றால் பிடிக்க மறுக்கிறது. நம் காரில் இந்த வழி இருக்குமானால் வேறெதையும் யோசிக்க வேண்டாம். இல்லாத கார்களுக்குப் பெடலுக்கும் ஈசியூவுக்கும் நடுவே செருகும் பெட்டிகள் விற்கிறார்கள். பெடலில் இரண்டு சென்சார்கள் இருக்கும். இரண்டின் வோல்டேஜும் ஒத்துப்போகிறதா என்று ஈசியூ ஓயாமல் சரிபார்க்கும். அந்த இரண்டையும் போலிசெய்து, கால் மிதிப்பதாக ஈசியூவை நம்பவைப்பதுதான் பெட்டியின் தொழில். அதாவது தயாரிப்பாளர் வைத்த காவலாளியை ஏமாற்றுவது. கிளட்ச் இணைப்பு தெளிவாக இல்லாத பெட்டியைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து.

எல்லாம் சரியாக மாட்டிய பிறகும் கியர் மாற்றுவது ஓட்டுநர் வேலைதான். டாப் கியரில் 80-இல் போகும் சின்ன எஞ்சின் கார் மேட்டைக் கண்டால் கருவி த்ராட்டிலை முழுதாகத் திறந்துவிட்டுத் திணறும். ஆட்டோமேட்டிக் தானே கியரை இறக்கும். இங்கே எஞ்சின் முக்கிக்கொண்டே கிடக்கும், யாராவது நாலாவதற்கு மாற்றும்வரை. மாற்றக் கிளட்சை மிதித்ததும் கருவி விட்டுவிடும், பிறகு ‘ரெசியூம்’ அழுத்த வேண்டும். இறக்கத்தில் இன்னும் மோசம். இந்தக் கருவிக்கு பிரேக் பிடிக்கத் தெரியாது. தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாயில், லாரிகள் கட்டுப்பாடு இழக்கும் அந்த நீண்ட சரிவில், இதைப் போட்டுக்கொண்டு இறங்குவது வம்பை விலைக்கு வாங்குவது. மழையிலும் அணைத்துவிட வேண்டும். தேங்கிய தண்ணீர் சக்கரத்தை இழுத்து வேகம் குறையும்போது, மனிதக் கால் தயங்கும் இடத்தில் கருவி இன்னும் த்ராட்டில் கொடுக்கும்.

அப்படியானால் நம் சாலைக்கு இது எதற்கு என்று கேட்கலாம். எதிர்த்திசையில் பைக், நடுவில் திறப்பு, ஆடு மாடு, சுங்கச்சாவடி. 80-இல் போகும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. தரையில் ஓய்வெடுக்கும் கால் பிரேக்கைத் தேட அரை நொடி கூடுதலாக எடுத்தால் 11 மீட்டர் போயிற்று. இது உண்மையான எதிர்வாதம், மறுக்க முடியாது. கவனம் தளர்வதும் உண்மை. சிமுலேட்டர் சோதனைகளில் அது தெரிந்திருக்கிறது. ஊர்களை ஒட்டிய சாலையில் இந்தக் கருவி வேண்டவே வேண்டாம். ஆனால் திருச்சி–மதுரை போன்ற நீளமான நால்வழிச்சாலையில், வண்டி குறைவான காலை நேரத்தில், ஓட்டுநருக்கே தெரியாமல் 80 என்பது 105 ஆவதைத் தடுப்பது சின்னப் பலன் இல்லை. வலது முழங்காலுக்குக் கிடைக்கும் ஓய்வும் அப்படியே. காலை பிரேக் பெடலின் பக்கத்திலேயே வைத்துக்கொள்பவருக்கு அந்த 11 மீட்டரில் பெரும்பகுதி மிச்சம். பெட்ரோல் மிச்சமாகும் என்ற விளம்பரத்தைத்தான் பெரிதாக நம்ப வேண்டாம். சமதளத்தில் கொஞ்சம் மிச்சமாவதை மேட்டில் கருவியே செலவழித்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாக வலியுறுத்தியது. ஆர்சியில் எஞ்சின், சேசிஸ், எரிபொருள், இருக்கை எண்ணிக்கை முதலியவை இருக்கும். குரூஸ் கன்ட்ரோலுக்கு அதில் ஒரு வரி இல்லை. அதை வைத்துக்கொண்டு தடையே இல்லை என்று துள்ள வேண்டாம். விபத்து நடந்தால், த்ராட்டிலில் வெளிக்கருவி தொங்குவதைக் காப்பீட்டு சர்வேயர் பார்ப்பார். முன்கூட்டியே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிப் பதில் வாங்கி வைப்பதும், மாட்டிய கடையின் பில்லைப் பத்திரப்படுத்துவதும் நல்லது.

கடையிலிருந்து வண்டியை எடுக்கும் நாளில் சோதனை இப்படி. ஆள் இல்லாத நேரான சாலையில் 50-இல் கருவியைப் பிடிக்கவிட வேண்டும். முதலில் பிரேக் பெடலை, லைட் எரியும் அளவுக்கு மட்டும், தொட வேண்டும். மறுபடி பிடிக்கவிட்டு ஆஃப் பொத்தான். கடைசியாகக் கிளட்ச்: ஒரேயடியாக அமுக்காமல், கட்டைவிரலால் தள்ளுவதுபோல மெதுவாக. பாதி தூரம் போகும் முன்பே ஆக்சிலரேட்டர் பெடல் தன்னிடத்துக்குத் திரும்பி, எஞ்சின் சத்தம் இறங்க வேண்டும். ஒரு நொடி சத்தம் ஏறிவிட்டு இறங்கினாலும் சரி, சாவியை அணைக்காமல் அப்படியே திருப்பிக்கொண்டு கடைக்குப் போய்விடுங்கள்.