இது மெத்தையா, தூளியா? காலை முதுகுவலிக்குக் காரணம் கட்டில் மேலேயே இருக்கலாம்!

காலையில் எழுந்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இடுப்பில் கையை வைத்து, 'அம்மாடி' என்று ஒரு பெருமூச்சு. பிறகு வளைந்தபடியே பாத்ரூமுக்கு நடை. காபி குடித்து, சமையலை ஆரம்பிப்பதற்குள் வலி போன இடம் தெரியாது. ஒரு வருடத்துக்கும் மேலாக என் காலை இப்படித்தான் விடிந்தது. 'நாற்பதைத் தாண்டியாச்சு, இனி இப்படித்தான்' என்று எனக்கு நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன். தைலம், வெந்நீர் ஒத்தடம், எப்போதாவது ஒரு வலி மாத்திரை என்று ஓடியது.

கோடை விடுமுறையில் போடிக்குப் பக்கத்தில் இருக்கும் அம்மா வீட்டில் பத்து நாள் தங்கினேன். இலவம்பஞ்சுக்குப் பேர்போன பக்கம் அது. சில வருடங்களுக்கு ஒருமுறை மெத்தையைப் பிரித்து, பஞ்சை அடித்து, குறைந்த இடத்தில் புதுப் பஞ்சு சேர்த்துத் தைத்துவிடுவார் அம்மா. நாலாவது நாள் காலையில்தான் கவனித்தேன், இடுப்பில் கை வைக்காமலே எழுந்திருக்கிறேன்! சென்னைக்குத் திரும்பிய மூன்றாம் நாள், வலியும் வீடு திரும்பிவிட்டது.

கூடவே வந்திருந்த அம்மா எங்கள் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ஏன்டி, இது மெத்தையா, தூளியா?" என்றார். பெட்ஷீட்டை உருவிவிட்டு, மாப் கம்பை மெத்தைக்குக் குறுக்கே வைத்துப் பார்த்தோம். கம்புக்குக் கீழே மூன்று விரல் தாராளமாக நுழைந்தது. கல்யாணத்துக்கு வாங்கிய தேங்காய்நார் மெத்தை. வயது பதினான்கு.

உடம்பில் கனமான பகுதி இடுப்பு. மெத்தை குழிந்திருந்தால் அதுதான் முதலில் உள்ளே போகும். முதுகெலும்பு ராத்திரி முழுக்க வளைந்தே கிடக்க, சுற்றியுள்ள தசைகளும் தசைநார்களும் ஓய்வில்லாமல் இழுபட்டுக்கொண்டே இருக்கும். குப்புறப் படுப்பவர்களுக்குப் பாதிப்பு இன்னும் அதிகம்.

உங்கள் வலிக்கும் மெத்தைதான் காரணமா? வலி காலையில் அதிகமாக இருந்து, நடமாடியதும் குறைகிறதா, வேறு இடத்தில் நாலைந்து நாள் படுத்தால் காணாமல் போகிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் கம்பை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போகலாம்.

'பேசாம தரையில் படு, முதுகு நேராயிடும்' என்று வீட்டுக்கு ஒருவராவது சொல்வார்கள். சிலருக்கு அது ஒத்துக்கொள்ளும். ஆனால் எல்லோருக்குமான மருந்து அல்ல. படுக்கும்போதும் எழும்போதும் நாள்பட்ட இடுப்புவலியால் அவதிப்பட்ட 313 பேரை வைத்து ஸ்பெயினில் நடந்த ஆய்வு ஒன்று, 2003-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. பாதிப் பேருக்குக் கெட்டியான மெத்தை, மீதிப் பேருக்கு நடுத்தரக் கெட்டி மெத்தை. 90 நாள் கழித்துப் பார்த்தால், நடுத்தர மெத்தைக்காரர்களுக்குத்தான் வலி நன்றாகக் குறைந்திருந்தது. பலகை மாதிரி இருந்தால்தான் முதுகுக்கு நல்லது என்ற நம்பிக்கையைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். மூட்டுவலி உள்ள பெரியவர்களைத் தரையில் படுக்கச் சொல்வதும் சரியில்லை. அவர்களுக்கு எழுந்திருப்பதே பெரும்பாடு.

புது மெத்தை வாங்கப் பணம் வேண்டும், உடனே எல்லோராலும் முடியாது. எங்களுக்கும் நாலு மாதம் ஆனது. அதுவரை நாங்கள் செய்தது இதுதான். மெத்தையைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட்டோம். கட்டிலில் இரண்டு சட்டங்கள் தொய்ந்திருந்தன. ஆசாரியைக் கூப்பிட்டு ஒரு பிளைவுட் பலகை போட்டோம். பாதி வலி அதிலேயே குறைந்தது. மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை, ஒருக்களித்துப் படுத்தால் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒரு தலையணை. காலையில் படுத்த வாக்கிலேயே விருட்டென்று எழாமல், பக்கவாட்டில் திரும்பி, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுந்தேன். பஞ்சு மெத்தை என்றால் வெயிலில் போட்டு, பஞ்சு அடித்து வாங்கினாலே புதுசாகிவிடும். ஃபோம், ரப்பர் மெத்தைகளை மட்டும் சுள்ளென்ற வெயிலில் போடாதீர்கள், கெட்டுப்போகும்.

கடைக்குப் போனால் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு வராதீர்கள். வெட்கப்படாமல் செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டில் எப்படிப் படுப்பீர்களோ அப்படியே பத்து நிமிடம் படுங்கள். மல்லாந்து படுத்து இடுப்புக்கு அடியில் கையை நுழைத்துப் பாருங்கள். காலி இடத்தில் போவதுபோல் போனால் மெத்தை உங்களுக்குக் கெட்டி. நுழையவே இல்லை என்றால் ரொம்ப மெத்து. 'ஆர்த்தோ' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பிக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். கணவன், மனைவி எடையில் பெரிய வித்தியாசம் இருந்தால், இரண்டு தனி மெத்தைகளைச் சேர்த்துப் போடுவது நல்லது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். என் சித்தி மகனுக்கு 27 வயது. அவனும் மெத்தைதான் காரணம் என்று இரண்டு மெத்தை மாற்றினான். விடியற்காலை மூன்று மணிக்கு வலி எழுப்பிவிடும். காலையில் முதுகு ஒரு மணி நேரம் விறைத்துக் கிடக்கும். நடந்தால் குறையும், ஓய்வெடுத்தால் கூடும். கடைசியில் மூட்டுவாத மருத்துவரிடம் போனபோது, அது 'அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்' என்ற முதுகெலும்பு வாதம் என்று தெரிந்தது. இளம் வயதில் இப்படி மூன்று மாதத்துக்கு மேல் வலி நீடித்தால் மெத்தைக் கடைக்குப் போகாதீர்கள், மருத்துவரிடம் போங்கள். காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, கீழே விழுந்த பிறகு வந்த வலி என்றாலும் அப்படியே. கால் பலமிழந்தாலோ, தொடை இடுக்கில் மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

எங்கள் புது மெத்தை ஓரளவு கெட்டியானது. பழக இரண்டு வாரம் ஆனது. இப்போது நான் எழும்போது 'அம்மாடி' வருவதில்லை. போன மாதம் வந்த அம்மா, அதில் ஐந்து நிமிடம் படுத்துப் பார்த்து, "பரவாயில்லையே" என்றார். பிறகு வழக்கம்போல பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார்.