தலைமாட்டில் ஒரு டாக்டர்

காலை ஏழரை மணி. நோயாளி வரவில்லை, சர்ஜனும் வரவில்லை. ஆனால் ஆபரேஷன் தியேட்டரில் ஒருவர் மட்டும் அதற்குள் பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறார். குழாயின் வாயை அடைத்துப் பையை அமுக்கி எங்காவது காற்று கசிகிறதா என்று பார்க்கிறார். லாரிங்கோஸ்கோப்பை மடக்கி நிமிர்த்தி விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறார். சளியை உறிஞ்சும் சக்‌ஷன் ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்கிறார். இவர்தான் மயக்க மருந்து டாக்டர். அனுமதி வாங்கி, பச்சை உடுப்பும் தொப்பியும் மாட்டிக்கொண்டு, காலையிலிருந்து அவர் பின்னாலேயே நின்றேன். அடேயப்பா, எத்தனை அதிசயம் அந்த நாலு சுவருக்குள்!

அந்த மிஷினையே ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம். உள்ளே கம்ப்யூட்டர், தொடுதிரை எல்லாம் வந்துவிட்டாலும் நம் ஊர் தியேட்டர்களில் அதற்கு இன்னும் ‘பாயில்ஸ் மிஷின்’ என்றுதான் பெயர். முதலாம் உலகப் போர்க் காலத்தில் லண்டனில் ஹென்றி பாயில் என்ற டாக்டர் அமைத்த கருவியின் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அதன் பக்கவாட்டில் கண்ணாடி போன்ற டப்பா, அது நிறைய வெள்ளை மணிகள். சோடா லைம். நோயாளி வெளியே விடும் கரியமில வாயுவை அது பிடித்து வைத்துக்கொள்ள, மிச்ச வாயு மறுபடி நோயாளிக்கே போகிறது. மணிகள் ஊதா நிறமானால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. இப்படிச் சுற்றவிட்டு வாயுவைச் சிக்கனமாகச் செலவழிப்பதில் இன்றைய டாக்டர்களுக்குத் தனி அக்கறை. மயக்க வாயுக்களும் பூமியைச் சூடாக்குகின்றன. அதிலும் டெஸ்ஃப்ளூரேன் மிக மோசம் என்பதால் 2026 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குக் கடுமையான கட்டுப்பாடு போட்டிருக்கிறது.

தட்டில் வரிசையாக சிரிஞ்சுகள், ஒவ்வொன்றிலும் ஒரு வண்ணச் சீட்டு. மஞ்சள் தூங்க வைக்கும். நீலம் வலியை அடக்கும். சிவப்பு தசைகளைத் தளர்த்தும். ஊதா, இறங்கிய ரத்த அழுத்தத்தை ஏற்றும். மஞ்சள் சீட்டுக்குள் பால்வெள்ளையாக இருப்பது புரோபோஃபால். சோயா எண்ணெயும் முட்டைக் கருவின் லெசித்தினும் கலந்த குழம்பு அது!

பித்தப்பைக் கல்லுக்காகப் பாட்டி ஒருவரை அழைத்து வந்தார்கள்.

“பாட்டி, ஆடுற பல்லு ஏதாவது இருக்கா?”

“கீழ ஒண்ணு லேசா ஆடும் தாயி.”

“சொன்னீங்களே, அது போதும். நான் பாத்துக்கிறேன்.”

மூன்று நிமிடம் மாஸ்க் வைத்துச் சுத்தமான ஆக்சிஜன். அடுத்து வெள்ளை மருந்து. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பாட்டியின் இமை மூடிவிட்டது. பின்னாலேயே சிவப்புச் சீட்டு, ரோகுரோனியம். பாட்டியின் மூச்சு நின்றுவிட்டது! இனி அவர் விடும் ஒவ்வொரு மூச்சும் தலைமாட்டில் நிற்கும் இந்த டாக்டர் கொடுப்பதுதான். முதலில் ஏற்றிய ஆக்சிஜன் கையிருப்பாக இருக்க, ஆடுகிற பல்லில் படாமல், குரல் நாண்களுக்கு நடுவே குழாய் வழுக்கி இறங்கியது. மானிட்டரில் கரியமில வாயுவின் அலைகள் மேடு மேடாக எழுந்தன. குழாய் சரியான இடத்தில்தான் இருக்கிறது என்பதற்கு அந்த அலைதான் சாட்சி. கைதட்டலாம் போலிருந்தது எனக்கு.

அப்புறம் அந்தச் சத்தம். டிக், டிக் என்று ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் ஒரு ஒலி. ஆக்சிஜன் குறைந்தால் அதன் சுருதியும் இறங்கும். திரையைப் பார்க்காமலே, மருந்து ஏற்றிக்கொண்டே, டாக்டர் காதால் கவனிக்கிறார். கொரோனா காலத்தில் நம் வீடுகளில் விரலில் மாட்டிப் பார்த்தோமே, அதே கருவிதான். ஜப்பானில் தகுவோ அவோயாகி என்ற பொறியாளர் 1974-ல் உலகுக்குச் சொன்ன தத்துவம் அது.

லேப்ராஸ்கோப்பிக்காக வயிற்றில் வாயுவை நிரப்பத் தொடங்கினார்கள். ஒலியின் வேகம் திடீரென்று தளர்ந்தது. நாடி நாற்பதுக்கு வந்துவிட்டது. “சார், கேஸை விடுங்க!” என்று ஒரே குரல். சர்ஜன் அந்தக் கணமே நிறுத்தினார். அட்ரோபின் உள்ளே போயிற்று. நாடி எழுபதுக்கு ஏறியது. வயிற்றின் உள்சவ்வு சட்டென்று இழுபடும்போது இதயம் இப்படி மெதுவாவது தெரிந்த விஷயம்தான் என்று நிதானமாக விளக்கினார் டாக்டர். எனக்குத்தான் படபடப்பு அடங்கவில்லை.

பக்கத்துத் தியேட்டரில் இன்னொரு வித்தை. மணிக்கட்டு உடைந்த இளைஞருக்குக் கழுத்தெலும்புக்கு மேலே அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்தால், துடிக்கும் ரத்தக்குழாயை ஒட்டித் திராட்சைக் கொத்தாக நரம்புகள்! ஊசி முனை நகர்வதும், மரத்துப்போகும் மருந்து நரம்புகளைச் சூழ்ந்து பரவுவதும் திரையில் தெரிகின்றன. எலும்பில் தகடு வைத்து முடுக்குகிறார்கள். அவரோ காதில் இளையராஜாவை மாட்டிக்கொண்டு விழித்தபடி படுத்திருக்கிறார்.

1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் ஈதர் கொடுத்துக் காட்டியதிலிருந்து இவர்கள் எவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள்! பிறந்த குழந்தைக்கு மதிப்பெண் போடும் அப்கார் முறையைத் தந்த வர்ஜீனியா அப்கார் மயக்கவியல் டாக்டர்தான். 1952-ல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, தொண்டையில் குழாய் வைத்துக் கையால் பையை அமுக்கி மூச்சு கொடுக்கும் வழியைக் காட்டிய பியோன் இப்சனும் அப்படியே. இன்றைய ஐ.சி.யு. அங்கிருந்து முளைத்தது.

பாட்டியை எழுப்பும் நேரம். மணிக்கட்டில் சின்ன மின்தூண்டல் கொடுத்துக் கட்டைவிரல் எத்தனை முறை துடிக்கிறது என்று எண்ணினார் டாக்டர். சுகமாடெக்ஸ் ஏற்றினார். ரோகுரோனியத்தின் ஒவ்வொரு மூலக்கூறையும் தேடிப் பிடித்துத் தனக்குள் அடைத்துக்கொள்ளும் மருந்து அது. சில நிமிடங்களில் கட்டைவிரல் நான்கு முறை சம பலத்துடன் துடித்தது. பாட்டி தானாகவே மூச்சுவிட்டார். குழாய் வெளியே வந்தது.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ ஆபரேஷன் என்றால், ‘அனஸ்தீஷியா ஃபிட்னஸ்’ வாங்கப் போகும்போது எதையும் மறைக்காதீர்கள். ஆடும் பல், பீடி சிகரெட், குறட்டை, சர்க்கரைக்கும் எடைக்கும் போடும் ஊசி, நாட்டு மருந்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். வெறும் வயிறு என்றால் வெறும் வயிறுதான். பால் காபிகூடக் கூடாது. அப்படியே அந்த டாக்டரின் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.