அஞ்சறைப் பெட்டியும் அயல்நாட்டுப் பயணமும்

"சிங்கப்பூர் மெத்தையும் நம்ம ஊர் மெத்தை மாதிரிதாண்டா இருக்கு!"

சிங்கப்பூர் போய் இறங்கிய இரண்டாம் நாள், அறையை விட்டு நகர முடியாமல் படுத்திருந்த அம்மா சொன்ன வார்த்தை இது. வாடகை குறைவு என்று ரயில் நிலையத்துக்கு வெகு தூரத்தில் அறை பிடித்த புத்திசாலி நான்தான்! முதல் நாள் நடையிலேயே அம்மாவின் முழங்கால் வீங்கிவிட்டது. மிஞ்சியது கொஞ்சம் வெள்ளி. தொலைந்தது ஒரு முழு நாள். (அங்குள்ள டாலரைத் தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள்.)

ஊர் திரும்பியதும் அம்மா சொன்னாள்: "பிரயாணக் கணக்கும் அஞ்சறைப் பெட்டி மாதிரிதான். ஒரு அறையில் மிச்சம் பிடிக்கிறேன் என்று இன்னொன்றைக் கொட்டிக் கவிழ்க்கக் கூடாது." அந்த ஐந்து அறைகளும் இவைதாம்.

முதல் அறை விமான டிக்கெட், விசா, காப்பீடு. சென்னையிலிருந்து சுமார் நான்கு மணி நேரப் பிரயாணம். பள்ளி விடுமுறையைத் தவிர்த்தால் பெரும்பாலும் டிக்கெட் மலிவு. விடியற்காலையில் போய் இறங்கினால், ஓட்டலில் பிற்பகலில்தான் அறை கிடைக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இரண்டாவது தங்குமிடம். இங்கே கையைச் சுருக்க வேண்டாம். அறை சிறியதாக இருக்கட்டும், எம்.ஆர்.டி. ரயில் நிலையம் ஐந்து நிமிட நடையில் இருக்கட்டும்.

மூன்றாவது சாப்பாடும் ரயிலும். சிக்கனத்துக்கு இடம் இதுதான். உணவங்காடி நிலையங்களில் குறைந்த விலைக்கு வயிறு நிறையும். தேக்காவில் தோசையே கிடைக்கும். பெரிய உணவகங்களில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் உஷார்! சேவைக் கட்டணம் 10 சதவிகிதமும், 2024 முதல் 9 சதவிகிதமாகிவிட்ட வரியும் சேர்ந்து, 20 வெள்ளிச் சாப்பாடு 24 வெள்ளியை எட்டிவிடும். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். பாட்டில் வாங்க வேண்டியதில்லை.

நான்காவது காட்சியும் கடையும். 2015-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த தாவரவியல் பூங்காவைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம் இல்லை. உள்ளே இருக்கும் ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் தனி டிக்கெட். மெர்லயன் சிலையைப் பார்க்கவும் காசு கேட்க மாட்டார்கள். வரியைத் திருப்பித் தரும் திட்டத்தில் சேர்ந்த கடைகளில் 100 வெள்ளிக்கு மேல் வாங்கினால், பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள். ஊர் திரும்பும்போது விமான நிலையத்தில் வரியின் பெரும்பகுதியைத் திரும்பப் பெறலாம்.

ஐந்தாவது அறைதான் முக்கியம். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை எடுத்துத் தனியே வையுங்கள். கால் வலித்தால் டாக்ஸி, தலை வலித்தால் மருந்து. அதிலிருந்து பொம்மையும் வாசனைத் திரவியமும் வாங்கக் கூடாது!

அடுத்த பயணத்துக்கு இப்போதே பணம் சேர்க்கிறோம். நான்கு அறைகள் என் பொறுப்பில். ஐந்தாவதன் சாவி? அது அம்மாவின் இடுப்பில் இருக்கிறது!