வாசல் கோலமும் திரைக் கோலமும்

மாணவர்களே! பண்டிகை நாள்களில் சுங்கைப்பட்டாணி வீடுகளிலும் தோட்டத்து வாசல்களிலும் கோலம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். சிறிய வடிவம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சேர்த்தால் வாசல் நிறைந்துவிடுகிறது. கோலங்களைக் கணினிக்குப் புரியும் விதிகளாக எழுத முடியும் என்று தமிழக ஆய்வாளர்கள் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் காட்டினர்.

கணினியைச் சற்று நேரம் தொடாமல் விட்டால் சில திரைக்காப்பு நிரல்கள் வண்ண வண்ணமாகப் பிராக்டல் படங்களை வரையும். அங்கும் இதே கதைதான்: ஒரு விதி, பல சுற்று. எத்தனை சுற்று என்பதை அமைப்புப் பகுதியில் நாம் முடிவு செய்யலாம்.

புகழ்பெற்ற மாண்டல்பிராட் படத்தின் விதி இது. 0-இல் தொடங்குங்கள். அதன் வர்க்கத்துடன் திரைப்புள்ளிக்கு உரிய எண்ணைக் கூட்டுங்கள். வரும் விடையை வைத்து மறுபடியும் அதையே செய்யுங்கள். புள்ளியின் எண் 1 என்றால் 0, 1, 2, 5, 26 என்று விடை பெருகி ஓடிவிடும். எண் -1 என்றால் 0, -1, 0, -1 என்று அங்கேயே சுற்றும். விடையின் அளவு 2-ஐத் தாண்டினால் அது திரும்பி வராது. ஓடாத புள்ளிக்குக் கறுப்பு. ஓடும் புள்ளிக்கு, அது எத்தனையாவது சுற்றில் ஓடியதோ அதற்கேற்ற வண்ணம். (நடுக்கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளிகளுக்கு இரண்டு எண்கள் உண்டு, விதி ஒன்றே.)

இப்போது அமைப்புக்கு வருவோம். 0.26 என்ற புள்ளி 2-ஐத் தாண்ட ஏறத்தாழ 30 சுற்று ஆகும், 0.251-க்கு ஏறத்தாழ 100. உச்சவரம்பை 20 என்று வைத்தால், இரண்டுமே ஓடாதவை என்று நிரல் தவறாக எண்ணிக் கறுப்பு பூசிவிடும். ஓரத்து நுண்ணிய வேலைப்பாடுகள் மறைவது இதனால்தான்.

அப்படியானால் 1,000 என்று வைத்துவிடலாமா? 1920-க்கு 1080 திரையில் இரண்டு மில்லியனுக்கும் மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. கறுப்புப் புள்ளி ஒவ்வொன்றுக்கும் நிரல் 1,000 சுற்றும் கணக்கிட்டாக வேண்டும். பழைய கணினி திணறும். முழுப் படத்துக்கு 100 முதல் 200 வரை போதும். ஓரங்களைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது கூட்டிக்கொள்ளுங்கள். வண்ண அமைப்பை மாற்றினால் நிறம் மட்டுமே மாறும், வடிவம் மாறாது.

இன்னொன்று: பழைய படக்குழாய்த் திரைகளில் ஒரே படம் நெடுநேரம் நின்றால் தழும்பு விழும். அதைத் தடுக்கவே திரைக்காப்பு வந்தது. இன்று அது பெரும்பாலும் அழகுக்குத்தான். மின்சாரத்தை மிச்சப்படுத்த வேண்டுமானால், சில நிமிடங்களில் திரை தானாக அணையும்படி அமைப்பதே மேல்.

கால்குலேட்டரை எடுத்து 0.3-ஐச் சோதியுங்கள். 12-ஆவது சுற்றில் விடை 2-ஐத் தாண்டுகிறதா, பாருங்கள்!