இதய நரம்புகளும் நீரிழிவு நோயும்

மனிதனின் இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 70 முறை துடிக்கின்றது. ஓடும்போது அத்துடிப்பு மிகுகின்றது, உறங்கும்போது குறைகின்றது. இம்மாற்றத்தை விளைவிப்பவை இருவகை நரம்புகள். ஒருவகை இதயத்தை விரைவுபடுத்தும். மற்றொருவகை அதனை அடக்கும். குதிரைக்குச் சவுக்கும் கடிவாளமும் எவ்வாறோ, இதயத்திற்கு இவை அவ்வாறு. மனிதனின் விருப்பத்தை எதிர்நோக்காது தாமே இயங்குதலால் இவற்றைத் தன்னியக்க நரம்புகள் என்பர்.

நீரிழிவு நோயில் குருதியிலுள்ள சர்க்கரை மிகுகின்றது. அந்நிலை பல்லாண்டுகள் நீடிப்பின், நரம்புகளும் அவற்றிற்கு உணவூட்டும் நுண்ணிய குருதிக்குழாய்களும் சிதைவுறும். பெரும்பாலும் முதலில் நலிவது அடக்கும் நரம்பே. ஆதலின் ஓய்விலும் இதயம் விரைந்து துடிக்கும். மூச்சை உள்ளிழுக்கையில் சற்று விரைந்தும், வெளிவிடுகையில் சற்றுத் தளர்ந்தும் துடிப்பது நலமுள்ள இதயத்தின் இயல்பு. நரம்பு நலிந்தவரிடம் இவ்வேறுபாடு குறையும். மருத்துவர் அதனை அளந்து நோயை அறிவர். இந்நோயின் பெருந்தீங்கு வேறொன்று உண்டு. மாரடைப்பு நேர்ந்தாலும் நெஞ்சுவலி தோன்றாது போகலாம். வலி காவலனின் குரல் போன்றது. அக்குரல் அடங்கின், நோயாளர் காலத்தில் உதவி தேடார்.

சத்து மாத்திரைகள் இந்நரம்புகளைக் காக்குமா? ஆல்பா லிப்போயிக் அமிலத்தை நாள்தோறும் 800 மில்லிகிராம் வீதம் நான்கு திங்கள் உண்டவரின் துடிப்பு வேறுபாடு சிறிது திருந்திற்று என 1997-இல் ஜெர்மானிய ஆய்வொன்று கூறிற்று. அதனோடு வேறிரு பொருள்களையும் சேர்த்து ஈராண்டு அளித்தும் நோயின் வளர்ச்சி தடைப்படவில்லை என 2013-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு காட்டிற்று.

வைட்டமின் பி12-இன் நிலை வேறு. நரம்பின் மேலுறையைப் பேணும் இச்சத்து பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் உள்ளது. நீரிழிவுக்குரிய மெட்ஃபார்மின் மருந்தை நெடுநாள் உண்பவர் சிலருக்கு இது குறையும். குருதிச் சோதனையில் குறைவு தெரியின், மருத்துவர் சொற்படி அதனை ஈடுசெய்தல் வேண்டும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை, இன்சுலினைச் சார்ந்து வாழும் 1,441 நோயாளரிடம் ஓர் ஆய்வு நிகழ்ந்தது. சர்க்கரையை நன்கு கட்டுப்படுத்தியோரிடம் இதய நரம்பு நோய் தோன்றுதல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. சத்து மாத்திரை உடலில் உள்ள குறையை நிரப்பும். சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் பணிக்கு அது ஈடாகாது. அளவான உணவும், உடற்பயிற்சியும், முறையான மருந்துமே இதய நரம்புகளுக்கு உறுதியான காவலாகும்.