கடலாதெனிய: பாறைமேல் எழுந்த கற்கோயில்

கண்டிக்கு மேற்கே, பிலிமத்தலாவைக்கு அருகே, கடலாதெனிய விகாரை ஓர் அகன்ற பாறைமீது நிற்கிறது. கம்பளையைத் தலைநகராகக் கொண்ட நான்காம் புவனேகபாகு மன்னன் காலத்தில், 1344ஆம் ஆண்டில், தர்மகீர்த்தி தேரர் இதை எழுப்பினார். பாறையிலேயே வெட்டப்பட்ட கல்வெட்டு இச்செய்தியைச் சொல்கிறது. தலைமைச் சிற்பி கணேஸ்வராசாரி தென்னிந்தியர்.

அதனால்தான் இந்தப் பௌத்த விகாரை முதற் பார்வைக்குத் தமிழ்நாட்டுக் கோயிலைப் போலத் தெரிகிறது. அதிட்டானம், தூண்களுடன் கூடிய முகமண்டபம், கருவறை, அதன்மேல் எண்கோணச் சிகரம் என்று அமைப்பு முழுவதும் திராவிட மரபு. அதிட்டானத்தை ஒட்டிக் குனிந்து பார்த்தால், ஆடுவோரும் முழவு கொட்டுவோரும் சிறு சிறு உருவங்களாக வரிசை பிடித்திருப்பது தெரியும். அவசரப்படுவோர் தவறவிடுவது இந்த வரிசையைத்தான். உள்ளே மகர தோரணத்தின் கீழ் புத்தர் அமர்ந்திருக்கிறார். பக்கத்திலேயே விஷ்ணுவுக்கும் சன்னதி உண்டு.

வளாகத்திலுள்ள விஜயோத்பாய என்னும் கட்டடம் வேறு வகை: நடுவில் தாதுகோபம், நாற்புறமும் சிறு சன்னதிகள், மேலே ஓட்டுக்கூரை.

அதே 1344இல் அருகில் எழுந்த லங்காதிலக விகாரை பெரும்பாலும் செங்கல்லால் ஆனது. அங்குள்ள பாறைக் கல்வெட்டு சிங்களத்தோடு தமிழிலும் இருக்கிறது. இரண்டு விகாரைகளையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.